தலைவலிக்குத் தடுப்பு மாத்திரை தொடங்கியவர்களிடம் போனில் என்ன கேட்க வேண்டும்?

நிலாமுற்றம் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில், நரம்பியல் ஓ.பி.யில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஒற்றைத் தலைவலிக்குத் தடுப்பு மாத்திரை (வலி வராமல் இருக்கத் தினமும் போடுவது) புதிதாகத் தொடங்குகிறவர்களின் பெயரை ஆறு மாதமாக ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இரண்டாவது வாரம் ஒரு தடவை, ஆறாவது வாரம் ஒரு தடவை நானே போன் செய்து பேசுகிறேன். டாக்டரின் சம்மதத்தோடுதான். இது விஷயமாக உங்களிடம் ஒரு உதவி வேண்டும்.

ஏன் ஆரம்பித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்புகிறவர்களில் நிறையப் பேர் திரும்பி வருவதில்லை. வருகிறவர்களிலும் பலர், "அந்த மாத்திரை ஒத்துக்கலீங்க, பத்து நாள்லயே நிறுத்திட்டேன்" என்பார்கள். ப்ராப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட், ஃப்ளூனரிசின் என்று எதைக் கொடுத்தாலும், சரியான அளவுக்கு வந்த பிறகு பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ஆனால் தூக்கம், வாய் வறட்சி, அசதி, விரல் நுனியில் மதமதப்பு எல்லாம் முதல் வாரமே வந்து நிற்கும். தொந்தரவு முன்னால் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. நடுவில் இரண்டு மூன்று மாதம் அவர்கள் தன்னந்தனியாகக் கிடக்கிறார்கள். என் கவலை முழுக்க அந்த மாதங்களைப் பற்றித்தான்.

ஆரம்பத்தில் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். "சாப்பிடறனுங்க சிஸ்டர்." நோட்டில் டிக் அடித்துவிட்டுப் போனை வைத்துவிடுவேன்.

ஒரு நாள் பவானி பக்கத்து அக்கா ஒருவருக்குப் போன் செய்தேன். ஃப்ளூனரிசின் 5 மி.கி., இரவில் ஒன்று. அன்றைக்குப் பதினான்காம் நாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. அதே கேள்வி, அதே பதில். என்னவோ தோன்றி, "அக்கா, அட்டையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன், எத்தனை மிச்சம் இருக்குன்னு பாப்போம்" என்றேன். தறி நின்றது. டப்பா திறக்கும் சத்தம். நகத்தால் அட்டையைத் தட்டித் தட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண ஆரம்பித்தார். இருபத்து நான்கில் வந்து நிறுத்தினார். நாங்கள் கொடுத்தது முப்பது. பதினாறு இருந்திருக்க வேண்டும்.

"மூணு நாள் வலி வந்துச்சுங்க. அன்னிக்கெல்லாம் ரெண்டு ரெண்டாப் போட்டேன். ஒண்ணும் கேக்கலீங்க சிஸ்டர். உங்ககிட்டச் சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லலை."

அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தலைவலி மாத்திரை என்றால் தலைவலி வரும்போது போடுவதுதானே, இத்தனை வருடமாக அவருக்குத் தெரிந்தது அதுதான். வலி இல்லாத நாளிலும் போட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தோம், டாக்டரும் வாயால் சொன்னார். வலியோடு உட்கார்ந்திருந்த அந்த நான்கு நிமிடத்தில் அது காதில் ஏறவில்லை. அந்தப் போன் இல்லாமல் போயிருந்தால், "ஃப்ளூனரிசின் பலன் தரவில்லை" என்று எழுதி அடுத்த மருந்துக்குப் போயிருப்போம்.

அதனால் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள், நடுவில் நிறுத்தியவர்கள், வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். அந்த நாட்களில் உங்களுக்கு ஒரு போன் வந்திருந்தால், என்ன கேட்டிருக்க வேண்டும்?

கரிசல்மழை | திங்கள், இரவு 10.25

சிஸ்டர், என் மனைவிக்காக எழுதுகிறேன். நாங்கள் கோவில்பட்டி பக்கம். மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வலி. வாந்தி, ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் படுத்துக் கிடப்பது, எல்லாம் உண்டு. டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரப் பையன் போனில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது மன அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்.

அவள் ஒன்றும் பேசவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் கழித்து, பொங்கலுக்குப் பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை இறக்கியபோது ஒரு குடத்துக்குள் மூன்று அட்டையும் பிரிக்காமல் கிடந்தன. கேட்டதற்கு, "எனக்கு நிஜமாவே வலிக்குதுங்க, அவரு மனசுலதான் வலின்னு நெனச்சுட்டாரு போல" என்று அழுதாள். எட்டு மாதம் அந்த எண்ணத்தோடு வலியையும் சுமந்திருக்கிறாள், பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை.

பின்னால் வேறொரு டாக்டர் விளக்கிச் சொன்னார். மன அழுத்தத்துக்கு இதே மருந்தை இதைவிடப் பல மடங்கு அளவில் கொடுப்பார்களாம். இந்தச் சின்ன அளவு, வலியைக் கடத்தும் நரம்புப் பாதையை அடக்குவதற்காம். இரண்டே வாக்கியம். "இந்த மாத்திரையைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேளுங்கள் சிஸ்டர். எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

வேம்படி | செவ்வாய், காலை 6.10

கரிசல்மழை அண்ணா, உங்கள் மனைவியின் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனக்கு நடந்தது வேறு மாதிரி.

தொடக்கப் பள்ளி ஆசிரியை. டோபிரமேட் கொடுத்தார்கள். நான்காம் நாள் இரண்டு கை விரல்களிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்பா பக்கவாதத்தில் போனவர். ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்து அவசரப் பிரிவுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் சீட்டைப் பார்த்து, "இந்த மாத்திரைக்கு இது சகஜம்மா" என்றார். சகஜம் என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மூன்றாவது வாரம் ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தேன். வகுபடும் எண் வந்தது, வகுத்தி வந்தது, மீதி வந்தது. 'ஈவு' என்ற சொல் மட்டும் வரவில்லை. சாக்பீஸோடு போர்டைப் பார்த்து நிற்கிறேன், முதுகுக்குப் பின்னால் முப்பது பிள்ளைகள். கடைசியில் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாக "ஈவு டீச்சர்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் பயத்தில் நெஞ்சு அடைத்துக்கொண்டது. முப்பத்தாறு வயதில் மறதி நோயா என்று.

மருத்துவமனைக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் வரவேற்பில் இருந்தவர், "அப்பாயின்ட்மென்ட் போட்டு வாங்க" என்றே சொன்னார். மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். வார்த்தை மறப்பது இந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவு என்றும், அளவைக் குறைத்தாலோ மெதுவாக ஏற்றினாலோ பலருக்குச் சரியாகும் என்றும் ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது வேறு டாக்டரிடம் அதே டோபிரமேட்தான். 25-ல் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றி, 50-லேயே நிறுத்திவிட்டார். மாதம் பதினோரு நாள் இருந்த வலி நான்கு நாளாகிவிட்டது. அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பக்க விளைவு இருக்கா என்று மொத்தமாகக் கேட்டால் "இல்லை" என்றே சொல்லியிருப்பேன். வார்த்தை வராததைப் பக்க விளைவு என்று எனக்குத் தோன்றியிருக்காது. "பேசும்போது வார்த்தை தட்டுதா? கை காலில் ஊறல் இருக்கா? சோடா குடித்தால் ருசி மாறியிருக்கா?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போதே நமக்கு நிம்மதி வந்துவிடும், இது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான் என்று.

மூன்றாம்மாடி | செவ்வாய், பிற்பகல் 2.50

சிஸ்டர், நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான். அரசு மருத்துவமனை. உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன், ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஷிஃப்டில் நாற்பது படுக்கைக்கு இரண்டு பேர் நிற்கிறோம். ஊசி, டிரிப், ரெஜிஸ்டர், கேஸ் ஷீட். இதில் வீட்டுக்குப் போனவர்களைக் கூப்பிட்டுப் பேசு என்றால் எப்போது பேசுவது? நம் சொந்த நம்பரிலிருந்து பேசினால் அப்புறம் ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வரும். எனக்கு வந்திருக்கிறது. எடுக்காமல் இருக்க மனசு வராது, எடுத்தால் தூக்கம் போகும்.

இன்னொரு பயமும் உண்டு. "அரை மாத்திரை சாப்பிடட்டுமா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். நான் ஒன்று சொல்லி அது வேறுவிதமாகப் போனால் யார் பொறுப்பு? நல்லது செய்யப் போய் மெமோ வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நர்ஸின் நல்ல மனசை மட்டும் நம்பி இதை நடத்தினால், அந்த நர்ஸுக்கு மாற்றல் வந்த அன்றைக்கே நின்றுபோகும். இதை வேலையாக எழுதி, நேரம் ஒதுக்கி, ஆள் போட்டுத் தர வேண்டும்.

நிலாமுற்றம் | செவ்வாய், இரவு 9.15

நீங்கள் சொல்வது அத்தனையும் சரி அக்கா. நான் முதல் மாதம் சொந்த நம்பரில் பேசி அவதிப்பட்டேன். இப்போது ஓ.பி. லேண்ட்லைனில் மட்டும்தான். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், மதியம் இரண்டரை முதல் மூன்றரை. ஆறு பேர்வரை பேசலாம். மாத்திரையின் அளவு பற்றி எதுவாக இருந்தாலும் நோட்டில் எழுதி அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்வேன். அவரும் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறார். நான் விடுப்பில் போனால் நோட்டு அப்படியே கிடக்கிறது என்பதும் உண்மைதான். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

பனைநிழல் | புதன், அதிகாலை 3.05

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில். இங்கே ஒரு தலையிடிக் கிளினிக்கில் தாதியாக ஒன்பது வருஷம். உங்கள் நோட்டுக் கதையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே இது தனி உத்தியோகம். தலையிடிக்கென்றே பயிற்சி எடுத்த தாதிமார் இருக்கிறோம். நாட்பட்ட மைக்ரேனுக்கு (மாதத்தில் பாதி நாளோ அதற்கு மேலோ வருகிற ஒற்றைத் தலையிடிக்கு) போடுகிற போடொக்ஸ் ஊசியைப் பல இடங்களில் நாங்களே போடுகிறோம். நெற்றி, பொட்டு, பின்தலை, கழுத்து, தோள் என்று 31 இடத்தில் 155 யூனிட், பன்னிரண்டு கிழமைக்கு (வாரத்துக்கு) ஒருதரம். எரனுமாப் மாதிரியான புது ஊசிகளை ஆட்கள் வீட்டில் தாங்களே போட வேணும், அதைப் பழக்குவதும் நாங்கள்தான். ஃப்ரிட்ஜால் எடுத்து அரை மணித்தியாலம் வெளியில் வைத்துப் போட வேணும் என்ற சின்ன விஷயத்தைச் சொல்லாமல் விட்டால், குளிர் ஊசியின் நோவுக்குப் பயந்து இரண்டாம் மாதம் போடாமல் விடுகிறவர்களும் இருக்கினம். எரனுமாப் மலச்சிக்கலைக் கொண்டுவரும். அதை வெட்கத்தில் ஒருவரும் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், நாங்கள்தான் கேட்க வேணும்.

எரனுமாப்பை இங்கத்தைய அரசு மருத்துவ சேவையில் 2021-ல் அனுமதித்தபோதே ஒரு கணக்கும் வைத்தார்கள். பன்னிரண்டு கிழமையில் மாத மைக்ரேன் நாட்கள் பாதியாகக் குறைய வேணும், நாட்பட்ட வகை என்றால் 30 சதவீதமாவது குறைய வேணும். இல்லாவிட்டால் நிற்பாட்டுவோம். ஆகவே நாட்குறிப்பு இல்லாமல் ஒன்றும் நடக்காது. மருந்து தொடங்க முதலே ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கோ. தொடங்கினபிறகு எழுதினால் எதோடு ஒப்பிடுகிறது? பதின்மூன்று நாள் ஒன்பதாகக் குறைந்த ஆள் என்னிடம் "ஒரு மாற்றமும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். குறிப்பைத் திருப்பிக் காட்டினபிறகுதான் நம்பினார். வலி இருந்த நாளைத்தான் மனம் வைத்திருக்கும், இல்லாத நாளை எண்ணாது.

வலிக் குளிசை (மாத்திரை) கூடிப்போய் வருகிற தலையிடிக்குத் தாதியின் துணை எவ்வளவு உதவும் என்று நெதர்லாந்தில் லைடனில் பார்த்திருக்கிறார்கள். 2016-ல் வந்த ஆய்வு. தாதி கூடவே நின்று கதைத்தவர்களில் 73 சதவீதம் பேர் வலிக் குளிசையை விட்டுவிட்டார்கள், அந்தத் துணை கிடைக்காதவர்களில் 61 சதவீதம். மூன்றாம்மாடி, ஆளும் நேரமும் கேட்டு மேலிடத்துக்கு எழுதும்போது இதைக் காட்டலாம்.

ஒன்று கட்டாயம். டோபிரமேட் எடுக்கிற பெண்களிடம் பிள்ளைத்தாய்ச்சி ஆகும் எண்ணம் இருக்கா என்று கேளுங்கோ. வயிற்றுப் பிள்ளைக்கு அது கெடுதல், கருத்தடைக் குளிசையின் வேலையையும் குறைக்கக்கூடும். 2024 ஜூனில் இங்கத்தைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் கடுமையாக்கிவிட்டது. நம்பகமான கருத்தடை இல்லாமல் கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கவே கூடாது.

தாழைமடல் | புதன், காலை 11.30

பனைநிழல் அக்கா சொன்ன நாட்குறிப்பு பற்றி என் அனுபவம். சென்னையில் கணக்கர் வேலை. எனக்குக் கொடுத்தது ப்ராப்ரனலால். போன் செயலி எல்லாம் இறக்கிப் பார்த்தேன். வலி வரும்போது போன் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது, அதில் எங்கே எழுதுவது? அங்கே இருந்த சிஸ்டர் ஒருவர், "வீட்ல மாசக் காலண்டர் தொங்குதா? அதுல நூல் கட்டி ஒரு பேனா தொங்கவிடுங்க" என்றார். வலி வந்தால் கட்டத்தில் ஒரு சுழி, படுத்துவிட்டால் அதன் மேல் ஒரு கோடு, வலி மாத்திரை போட்டால் ஒரு புள்ளி. அவ்வளவுதான்.

மாத முடிவில் சுழிகள் பதினான்கு. புள்ளி விழுந்த நாட்கள் பத்தொன்பது! வலி வரும் போலத் தோன்றினாலே மெடிக்கலில் சாரிடான் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். டீ குடிப்பது மாதிரி ஆகிவிட்டிருந்தது, எனக்கே தெரியவில்லை. சாரிடான், வாசோகிரெய்ன் மாதிரிக் கலப்பு மாத்திரைகளை மாதம் பத்து நாளும், வெறும் பாரசிட்டமாலைப் பதினைந்து நாளும் தொட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் போனால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று சிஸ்டர்தான் விளக்கினார்.

சாரிடானை நிறுத்திய முதல் ஒரு வாரம் நரகம். வலி ஏறியது, குமட்டல், தூக்கமில்லை. ஐந்தாம் நாள் கடை வாசல்வரை போய்விட்டேன். அன்றைக்குக் காலையில் அவர் போன் செய்து, "இன்னும் நாலஞ்சு நாள்தான். பத்து நாளுக்குள்ள இறங்கிடும். இறங்கலைன்னா நாளைக்கே வாங்க, வேற வழி பாப்போம்" என்று சொல்லியிருந்தார். அதனால் திரும்பி வந்தேன். எட்டாம் நாள் இறங்கியது. வலி மாத்திரை எத்தனை நாள் போட்டீர்கள் என்று கேட்க மறக்காதீர்கள். எத்தனை மாத்திரை என்று கேட்டால் குறைத்துச் சொல்வோம், எத்தனை நாள் என்று கேளுங்கள்.

மருந்துப்பெட்டி | புதன், இரவு 10.50

கும்பகோணத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறேன், பார்மசிஸ்ட். எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். டோபிரமேட் 25 கேட்டு வந்தால், கடையில் 50 மட்டும் இருக்கும். "பாதியாக உடைச்சுப் போடுங்க" என்று கொடுத்தனுப்பும் கடைகள் உண்டு. வீட்டுக்குப் போய் முழுசாகப் போட்டுவிடுவார்கள். வேம்படி டீச்சர் மாதிரி வேகமாகத் தொந்தரவு வந்தவர்களில் சிலருக்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். அதனால் அட்டையை எடுக்கச் சொல்லும்போதே அதில் எழுதியிருக்கும் மில்லிகிராமையும் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து பொடியாக இருக்கும், வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கூப்பிடச் சொல்லுங்கள்.

ப்ராப்ரனலாலில் நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் வகை ஒன்று உண்டு. அதை நுணுக்கிப் போடக் கூடாது. சாதா வகைக்குப் பதில் அது மாறிப் போயிருந்தாலும் அட்டையில் தெரிந்துவிடும். இன்னொன்று, ஒரே சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்குகிறவர்கள் எங்களிடம் நிறைய. பலன் நன்றாக இருந்தால் ஆறு மாதம், ஒரு வருடம் பார்த்துவிட்டுக் குறைத்து நிறுத்த முயல வேண்டிய மருந்து இது என்பதே அவர்களுக்குத் தெரியாது. உங்கள் நோட்டில் அந்தத் தேதிக்கும் ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.

ஓபிஅறை | வியாழன், காலை 7.20

நரம்பியல் மருத்துவன். முதலில் நிலாமுற்றம் சிஸ்டருக்கு நன்றி. நாங்கள் எழுதும் சீட்டு வீட்டில் என்ன ஆகிறது என்று எங்களுக்குத் தெரிவதே இல்லை.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் நாட்பட்ட மைக்ரேன் உள்ள எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மருந்துப் பதிவுகளைப் பார்த்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. தடுப்பு மாத்திரையை ஆறு மாதத்தில் ஒழுங்காக எடுத்துக்கொண்டிருந்தவர்கள் 26 முதல் 29 சதவீதம்தான். ஒரு வருடத்தில் 17 முதல் 20. பெங்களூரு நகரத்திலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கில் நான்கில் ஒருவருக்கு மைக்ரேன் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், எத்தனை பேர் பாதியில் விட்டுக்கொண்டிருப்பார்கள் என்று.

சிஸ்டர், போனில் நீங்கள் ஆறுதல் சொல்லக் கூடாத இடங்களும் உண்டு. டோபிரமேட் தொடங்கிய முதல் மாதத்தில் கண் வலித்துப் பார்வை மங்கினால், "சகஜம்" என்று சொல்லிவிடாதீர்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அன்றைக்கே மாத்திரையை நிறுத்திக் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். ப்ராப்ரனலாலில் மூச்சு இழுப்பு, தலைசுற்றி விழுவது. சின்ன வயதில் வீசிங் இருந்ததை ஓ.பி.யில் மறைத்தவர்கள், "இன்ஹேலர் எப்பவாவது அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும். ப்ராப்ரனலாலை ஒருநாளில் திடீரென்று நிறுத்தவும் கூடாது. ஃப்ளூனரிசினில் எடை ஏறுவது தெரிந்ததுதான். மனம் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போவதும், கை நடுக்கமும் மெல்ல வரும். அதை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

எந்த மாத்திரையானாலும், வழக்கமான வலி மாதிரி இல்லாமல் இடி விழுந்ததுபோல் ஒரு நொடியில் உச்சத்துக்குப் போன வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், வாய் கோணல் என்றால் அடுத்த செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

குத்துவிளக்கு | வியாழன், பிற்பகல் 1.15

எல்லோரும் என்ன கேட்பது என்று சொல்லிவிட்டீர்கள். யார் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது என்று நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரே போன், அது வீட்டுக்காரரிடம் இருக்கும். ஆஸ்பத்திரி போன் என்றதும் ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் நீட்டுவார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். "நாள் தள்ளிப்போயிருக்கா?" என்று அப்போது கேட்டால் நான் என்ன சொல்வேன்? "இல்லைங்க, எல்லாம் நல்லா இருக்கு" என்றுதான்.

"இப்ப பேச முடியுமா, நான் கேக்கிறதுக்கு ஆமா இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்று ஆரம்பித்தால் பெரிய உதவி. காலை பதினொரு மணி எங்களுக்கு அமைதியான நேரம்.

மூன்றாம்மாடி | வியாழன், இரவு 8.30

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து, சர்க்கரை, பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, பிபியும் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். ப்ராப்ரனலால் அளவை ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியதே பிபியும் நாடித் துடிப்பும்தான். அதே வீட்டில் தலைவலி மாத்திரை சாப்பிடுகிறவர் இருந்தால் அவருக்கும் அட்டையை எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. எங்கள் நரம்பியல் ஓ.பி. சிஸ்டரிடமும் கிராமச் சுகாதார செவிலியரிடமும் பேசிப் பார்க்கப்போகிறேன். நோட்டில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறீர்கள், ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பெயர்களை மறைத்துவிடுங்கள்.

வேம்படி | வியாழன், இரவு 9.05

சிஸ்டர், அந்தப் பவானி அக்கா அப்புறம் என்ன ஆனார்?

நிலாமுற்றம் | வெள்ளி, இரவு 9.50

அக்கா, வெறும் பக்கம் ஒன்றைப் படம் எடுத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பழைய நோட்டில் பெயர், தேதி, மாத்திரை, "சாப்பிடுகிறாரா" என்று நான்கே கட்டம்தான் இருந்தது. இன்றைக்குப் புதுசாகக் கோடு போட்டேன். மாத்திரை தொடங்கும் முன் மாதத்தில் எத்தனை வலி நாள், அட்டையில் மிச்சம் எத்தனை, அட்டையில் போட்டிருக்கும் மில்லிகிராம், எத்தனை மணிக்குப் போடுகிறார், வலி மாத்திரை போட்ட நாட்கள், யாராவது ஏதாவது சொன்னார்களா, பேச ஏற்ற நேரம், எப்போது நிறுத்திப் பார்ப்பது. பக்க விளைவை மருந்துவாரியாகப் பெயர் சொல்லிக் கேட்கத் தனியாக ஒரு தாள் எழுதி, டாக்டரிடம் காட்டி, நோட்டின் அட்டைக்குள் ஒட்டிவிட்டேன். கண் வலியும் இடி மாதிரி வலியும் சிவப்பு மையில்.

எத்தனை மணிக்கு என்று எதற்குக் கட்டம் என்றால், இன்றைக்குப் பேசிய ஒருவர் அமிட்ரிப்டிலினைப் பாத்திரமெல்லாம் கழுவிவிட்டுப் பதினொரு மணிக்குப் போடுகிறார். காலையில் ஐந்து மணிக்குப் பால் கறக்க எழுந்தால் கண் திறக்கவில்லை, நிறுத்திவிடலாம் என்று இருக்கிறார். டாக்டரிடம் கேட்டு, எட்டு மணிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பேசுகிறேன். மதிய நேரத்தை வெள்ளி மட்டும் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சூப்பிரண்டென்ட் மேடம் சொல்லிவிட்டார்கள்.

வேம்படி டீச்சர், அந்த அக்கா இரவு சாப்பாடு முடிந்ததும் தினம் ஒன்று என்று அதே அட்டையைத் திரும்பத் தொடங்கினார். தறி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் காலண்டரை மாட்டி, மகள்தான் சுழி போடுகிறாள். முன்னால் மாதம் எட்டு நாள். ஆறாவது வாரம் கேட்டபோது ஏழு என்றார், குரலில் சலிப்பு இருந்தது. "இன்னும் பாதி வழிதானுங்க அக்கா" என்றேன். போன மாதம் மூன்று. எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது என்று மகளிடமும் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறாராம். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனை எடுக்கிறார்.

அடுத்த போன் ஆடி பதினெட்டுக்கு மறுநாள். பதினெட்டு அன்றைக்கு வேண்டாம், கூடுதுறைக்குப் போகிறோம் என்றார். போன வருடம் அந்த நாளில் வீட்டில் படுத்துக் கிடந்தாராம்.